அவளுடைய பெட்டிகளில் என் பெயர்

அவள் இறந்து எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவளுடைய தம்பி ஸ்கூட்டரில் வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றார். பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஆள் வரப்போகிறார்களாம். அக்காவின் காகிதங்களையெல்லாம் எடுத்துப்போய் ஆவணக் காப்பகத்தில் வைக்கப் போகிறார்களாம். ஸ்வரம் எழுதிய தாள்களே பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன, எது எந்தப் பாட்டு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது என்றார்.

"அவங்க எழுத்து உங்களுக்குத்தான்க்கா புரியும். கூடப் படிச்சவங்க இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. ஒரு பத்து நாள் வந்து உக்காந்தா போதும்."

உடனே சரி என்று சொல்லிவிட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வார்? அவள் சாவுக்கே மாலையைப் போட்டுவிட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தவள் நான். இப்போது பத்து நாள் அவள் அறையில் உட்காருவதற்கு ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

காரணம் பாசம் என்று சொன்னால் பொய்யாகும். அவ்வளவு காகிதத்தில் என் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் காரணம்.

அவள் பல்கலைக்கழகத்தில் முப்பத்தாறு வருடம் இசை கற்பித்தவள். துறைத் தலைவராக ஓய்வு பெற்றாள். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு மெட்டமைத்தவள். அவள் குடியிருந்த பிள்ளையார்பாளையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு, பேராசிரியர் என்றுதான் சொல்வார்கள். நான் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். காலை வழிபாட்டுக்கு மைக்கைச் சரிசெய்வது, ஆண்டு விழாவுக்கு வரவேற்புப் பாட்டு பழக்குவது, கணக்கு டீச்சர் லீவு போட்டால் அந்த வகுப்பில் போய்ச் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது, இவைதான் என் வேலை. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் எம்.ஏ. படித்தோம். சொல்லாமல் இருக்க முடியவில்லை, கடைசித் தேர்வில் எனக்கு அவளைவிட இரண்டு மார்க் அதிகம்.

அந்த இரண்டு வருடமும் தினமும் ரயிலில்தான் போய்வந்தோம். காஞ்சிபுரத்தில் விடியற்காலைப் பாசஞ்சர், செங்கல்பட்டில் இறங்கி எலெக்ட்ரிக் ரயில். முதல் நாள் பெண்கள் பெட்டியில் ஒரு பெண் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து நானாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அப்பா பட்டுச் சேலைக் கரைக்கு டிசைன் வரைபவர். என் அப்பா தபால்காரர். செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் நாங்கள் தோழிகளாகிவிட்டோம்.

என் வாழ்க்கை முழுவதும் நான் சுமந்த சம்பவம் அந்த ரயிலில்தான் நடந்தது. ரயில் பாலூரில் நின்றிருந்தது. தோடி ராகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். எழுதும்போது வெறும் 'க' என்று ஓர் எழுத்தைப் போடுகிறோமே, அந்த அசைவு எங்கே போகிறது என்று கேட்டேன். கேட்டுவிட்டு, ஜன்னல் கம்பிக்குக் கீழே படிந்திருந்த தூசியில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். குரல் மேலே போகும்போது கோடு மேலே போனது, கீழே வரும்போது கீழே வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து அப்பாவின் கட்டக் காகிதம் ஒன்றை எடுத்தாள். சேலை டிசைன் வரையும் காகிதம், முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். "இதுல எழுதிப் பாக்கலாம்டி" என்றாள். படுக்கை வரிசைக் கட்டங்களில் தாளக் கணக்கு, நெட்டு வரிசையில் ஸ்வரத்தின் உயரம், அவற்றின் மேல் கொடி ஓடுவதுபோல் குரலின் அசைவு. இரண்டு வருடம் ரயிலில் அதையேதான் எழுதினோம்.

படிப்பு முடிந்தது. துறையில் ஒரே ஒரு விரிவுரையாளர் இடம் காலியானது, அது அவளுக்குக் கிடைத்தது. எனக்கு அந்த மாதம்தான் கல்யாணம். ஐந்து வருடம் கழித்து ஓர் ஆய்விதழில் அந்தக் கட்ட முறையைப் பற்றி அவள் கட்டுரை வந்தது. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர். பள்ளி நூலகத்தில் நின்றபடி படித்தேன். அடிக்குறிப்புகளை இரண்டு முறை படித்தேன். பிறகு இதழை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

சண்டை போடவில்லை. கேட்கவும் இல்லை. கோயிலில் பார்த்தால் சிரிப்பேன், பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தால் காபி கொடுப்பேன். ஆனால் ஒன்று செய்தேன். ஒருமுறை அவளே என் பள்ளிக்கு வந்து, தான் மெட்டுப் போட்ட பாட்டு ஒன்றைக் காட்டி, "உன் பிள்ளைங்களுக்கு இத சொல்லிக்கொடேன்டி, அவங்க பாடிக் கேக்கணும்னு இருக்குது" என்றாள். பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என்னிடம் படித்த ஒரு பெண்கூட அவள் பாட்டில் ஒரு வரி கற்றுக்கொள்ளவில்லை. நான் ஓய்வு பெறும் வரை அப்படிப் பார்த்துக்கொண்டேன்.

இந்த மனசோடுதான் பிள்ளையார்பாளையம் வீட்டுக்குப் போனேன்.

கீழே தம்பி குடும்பம். முன்னறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் தம்பி கம்ப்யூட்டரில் கரை டிசைன் போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவள் மாடி அறையில்தான் இருந்தாள். நான் அங்கே ஏறிப் போனது அன்றுதான் முதல் தடவை. இரண்டு இரும்பு பீரோ, ஒரு தம்புரா, சுவர் ஓரமாகக் கழுத்து உயரத்துக்குச் சேலை அட்டைப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் அவளுடைய சாய்ந்த கையெழுத்தில் ராகத்தின் பெயர். ஒரு ஜவுளிக்கடைப் பெட்டியில் 'பேகடா', இன்னொரு கடையின் பெட்டியில் 'சகானா'.

நூலகத்திலிருந்து வந்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி, பருத்திச் சேலை, அதிர்ந்து பேசாத குரல். ஆவணப் பிரிவின் அதிகாரி. வந்ததும் எனக்குச் சில விதிகளைச் சொன்னார். கை கழுவிவிட்டுத்தான் தாளைத் தொட வேண்டும், பேனா கூடாது, பென்சில்தான், எதையும் மடிக்கக் கூடாது, இருந்த வரிசையை மாற்றக் கூடாது. ஒவ்வொரு தாளையும் வெள்ளை உறையில் போட்டு, உறையைச் சாம்பல் நிறப் பெட்டியில் வைத்தார். அமிலம் இல்லாத அட்டையில் செய்த பெட்டியாம், காகிதம் பழுப்பாகாதாம். என் முப்பது வருட வேலையின் மிச்சம் வீட்டில் பரணில், ஒரு மஞ்சள் பையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாளே கட்டக் காகிதங்கள் வந்துவிட்டன. அதிகாரி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, ஏதோ ஓவியம் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மேடமோட கட்ட முறையப் பத்திப் படிச்சிருக்கேன்மா. நேர்ல இப்பதான் பாக்கறேன். இத எப்படிக் கண்டுபுடிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

முப்பத்தைந்து வருடமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. தெரியும் என்றேன். அவர் சின்ன ரெக்கார்டரை மேசையில் வைத்து, பதிவு செய்யலாமா என்று கேட்டார். தலையாட்டினேன். ரயில், பாலூர், ஜன்னல் தூசி எல்லாவற்றையும் சொன்னேன். ஆரம்பிக்கும்போது இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தோம் என்றுதான் சொன்னேன். பேசப் பேசக் குரல் உறுதியானது. முடிக்கும்போது, "யோசனை என்னுது. காகிதம் அவளுது" என்று சொல்லியிருந்தேன்.

அவர் மடிக்கணினியில் தட்டிக்கொண்டார். "இது யாருக்குமே தெரியாத விஷயம்மா" என்றார். மாலையில் வீட்டுக்கு நடந்து வந்தேன். வழக்கமாக ஆட்டோ பிடிக்கிற தூரம். கால் வலியே தெரியவில்லை.

அதற்கடுத்த நாட்கள் அவ்வளவு இனிமையாக இல்லை. காகிதம் பிரிக்கப் பிரிக்க அவளுடைய உலகம் விரிந்துகொண்டே போனது. மாணவிகளின் கடிதங்கள் ஒரு பெட்டி. ஒருத்தி பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருக்கிறாள், குழந்தைக்கு உங்கள் பெயரை வைக்கிறேன் என்று. கடல் தாண்டிப் போன மாணவன் ஒருவன், பனிக்காலத்தில் தனியாக உட்கார்ந்து உங்கள் சகானாவைப் பாடுகிறேன் என்று எழுதியிருக்கிறான். என்னிடம் படித்த பெண்கள் கடைத்தெருவில் பார்த்தால் "வணக்கம் மிஸ்" என்பார்கள், அவ்வளவுதான். யாரும் கடிதம் எழுதியதில்லை. நான் ஒவ்வொரு கடிதத்தையும் படித்து, யார், எந்தப் பாட்டைப் பற்றி என்று சொல்ல, அதிகாரி குறித்துக்கொள்வார். நடுவில் படிப்பதை நிறுத்திவிடுவேன். தண்ணீர் குடித்துச் சமாளிப்பேன். அதிகாரிக்கு அது துக்கமாகத் தெரிந்திருக்கும். "கொஞ்ச நேரம் காத்தாட உக்காருங்கம்மா" என்று ஜன்னலைத் திறந்துவிடுவார்.

என் பெயர் கிடைத்தது. மூன்று இடத்தில். என் கல்யாணப் பத்திரிகை ஒன்று. எனக்குக் குழந்தை பிறந்ததை நான் எழுதிய கார்டு ஒன்று. பிறகு அவள் நாட்குறிப்பு ஒன்றில், ஒரு வியாழக்கிழமைக்கு எதிரே, என் பெயரை எழுதி 'குடை திருப்பித் தரணும்' என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தை நான் எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. அதே நாட்குறிப்பில் அதற்கு மூன்று நாள் முன்னால், மாடியில் கொடிக்கயிற்றில் துணி காயப்போடும்போது வந்த மெட்டைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். காயப்போட்ட துணிக்கு ஒரு பக்கம், எனக்குக் குடை. குடையைத் திருப்பித் தந்தாளா என்றுகூட எனக்கு நினைவில்லை.

ஏழாம் நாள், பீரோவின் அடித்தட்டில் அவள் பள்ளி நோட்டுகள் இருந்தன. பட்டு நூல் கழிவால் கட்டி வைத்திருந்தாள். அதிகாரி கீழே போன் பேசப் போயிருந்தார். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அறிவியல் நோட்டு ஒன்று, மேலே பெயர், 'பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு'. உள்ளே பூவின் படம், தவளையின் படம். நடுவில் ஒரு கட்டக் காகிதத்தை ஓர் ஓரம் மட்டும் ஒட்டிச் செருகியிருந்தாள், கோந்து காய்ந்து தாள் பாதி கழன்றிருந்தது. ஒரு பக்கம் அவள் அப்பா சிவப்புப் பென்சிலில் பாதி வரைந்து நிறுத்திய அன்னப்பட்சிக் கரை. திருப்பினேன். மறுபக்கத்தில், பள்ளிப் பெண்ணின் உருண்டைக் கையெழுத்தில் 'தோடி'. கீழே படுக்கை வரிசையில் எட்டு எட்டாகப் பிரித்த கட்டங்கள். நெட்டு வரிசையில் ச, ரி, க, ம. அவற்றின் மேல் ஒரு கோடு, மேலே போய்க் கீழே இறங்கி, மறுபடி மேலே. ஓரத்தில் 'காந்தாரம் ஆடுது' என்று எழுதியிருந்தாள். அதற்கும் கீழே, சிவப்பு மையில் அறிவியல் டீச்சர்: 'இது என்ன? பாடத்தை எழுது.' கையெழுத்து.

அவளை நான் முதலில் பார்த்தது எம்.ஏ. முதல் நாள். இந்தத் தாள் அதற்கு ஐந்தாறு வருடம் முந்தியது.

கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் செய்தது இதுதான். தாளைப் பிய்த்து எடுத்து, நான்காக மடித்து, என் கைப்பையில் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்தேன். அதிகாரி உள்ளே வந்து என்ன நோட்டு என்று கேட்டார். ஸ்கூல் நோட்டு, பாட்டு சம்பந்தமாக ஒன்றும் இல்லை என்றேன்.

அந்தத் தாள் மூன்று நாள் என் வீட்டில் இருந்தது. முதல் நாள் பீரோவில் புடவைக்கு அடியில், மறுநாள் சமையலறையில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால். எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன். தப்பு செய்த பயத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகமாக இருந்தது. அன்று ரயிலில், கல்லூரிக்குப் போகிறவள் பையில் எதற்காக அப்பாவின் கட்டக் காகிதம் இருந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அவள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தாள். நான் தூசியில் கோடு இழுத்ததும், எனக்குத் தெரியும், நான் பள்ளியிலேயே போட்டுப் பார்த்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைச் சந்தோஷப்படுத்தவா? அல்லது தன்னைப் போலவே இன்னொருத்தி நினைக்கிறாளே என்ற மகிழ்ச்சியில் சொல்ல மறந்துவிட்டாளா? கட்டுரை எழுதும்போது என் பெயர் அவளுக்குத் தோன்றாததில் வியப்பே இல்லை. அவளைப் பொறுத்தவரை அது பத்தாம் வகுப்பிலேயே முடிந்துபோன விஷயம். நான்தான் முப்பத்தைந்து வருடம் இல்லாத ஒரு சொத்துக்குப் பங்கு கேட்டுக்கொண்டிருந்தேன். அதை எனக்குள்ளேயே கேட்டேன், வெளியே கேட்டிருந்தால் அன்றைக்கே சிரித்துக்கொண்டு இந்த நோட்டை எடுத்துக் காட்டியிருப்பாள். அதை நினைத்தபோது இன்னும் எரிந்தது.

மூன்றாம் நாள் பருப்பு எடுக்கப் போன கணவர் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார்.

"இன்னா இது?"

"பழைய பேப்பர்."

"அவங்க வீட்டுதா?"

அவர் மடிப்பை விரித்துப் பார்த்தார். அவருக்கு ஸ்வரம் தெரியாது, ஆனால் டீச்சரின் சிவப்பு மையைப் படித்துச் சிரித்தார். பிறகு மடிப்பு ஓரங்களை விரலால் நீவிவிட்டார். "கிழிஞ்சிடப் போவுது. குடுத்துட்டு வா" என்றார்.

மறுநாள் காலை அதிகாரி எனக்கு முன்பே வந்திருந்தார். பெட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. தாளை எடுத்து மேசையில் வைத்து, பள்ளி நோட்டையும் பக்கத்தில் வைத்தேன். கோந்துத் தடம் இரண்டிலும் பொருந்தியது. நான் சொல்லத் தேவையில்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் முதலில் பார்த்தது மடிப்பைத்தான்.

"மடிச்சிட்டீங்களேம்மா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் எனக்கு அழுகையை வரவைத்தது.

சொன்னேன். ரயிலில் நடந்தது உண்மை, ஆனால் யோசனை என்னுடையது என்பது உண்மையில்லை. அவள் பள்ளியிலேயே எழுதியிருக்கிறாள், இதோ இருக்கிறது. இந்தத் தாளை நான் மூன்று நாளைக்கு முன் எடுத்து மறைத்தேன். அன்றைக்குப் பதிவு செய்ததை அழித்துவிடுங்கள் என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அழிக்க மாட்டோம்மா. ஒருத்தர் பேசுனத நாங்க எடுக்கறதில்ல. அது அப்படியே இருக்கும். அதோட கூட இன்னொரு பதிவு சேக்கலாம். இப்ப சொன்னீங்களே, இதயும் பேசுங்க."

"கேக்கறவங்க என்னப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

"ரெண்டயும் கேப்பாங்க" என்றார்.

எனக்கு வேறு வழி இல்லை. ரெக்கார்டரை முன்னால் வைத்தார். மறுபடி பேசினேன். முதல் பதிவில் மணிக்கணக்காகப் பேசினேன், இரண்டாவது மூன்று நிமிடம்கூட வரவில்லை. என் பொய்யும் என் திருத்தமும் பக்கத்துப் பக்கத்து எண்ணோடு பட்டியலில் இருக்கின்றன. அவளுடைய பெட்டிகளில் என் பெயர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போது ஐந்து இடத்தில் இருக்கிறது.

அத்தோடு என்னை அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. கட்டங்களின் மேல் ஓடும் கோடுகளில் அவள் போட்டிருந்த சின்னச் சின்னக் குறிகள், புள்ளி, கொக்கி, பாம்பு வளைவு, இவை கட்டுரையில் இல்லை. நாங்கள் ரயிலில் போகப் போகச் சேர்த்துக்கொண்டவை. எந்தக் கொக்கிக்கு எவ்வளவு அசைக்க வேண்டும் என்பது உயிரோடிருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதிகாரி தயங்கித் தயங்கிக் கேட்டார், பாடிக் காட்ட முடியுமா, பதிவு செய்து தாளோடு சேர்த்து வைத்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்று. முடியாது என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

இப்படித்தான், பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்று நான் ஒதுக்கிவைத்த பாட்டுகளை ஒவ்வொன்றாக அறுபத்திரண்டு வயதில் அவள் அறையில் உட்கார்ந்து பாடினேன். முன்னறைத் தறியை நிறுத்திவைத்தார்கள். தம்பியின் மனைவி படியில் உட்கார்ந்து கேட்பார். ஆரம்பத்தில் குரல் ஒத்துழைக்கவில்லை, மேல் ஸ்தாயியில் பிசிறடித்தது. நான்காம் நாள் கொஞ்சம் திறந்தது. பாட்டுகள் கஷ்டமாக இல்லை. நேராக, எளிதாக, பத்து வயதுப் பெண் பிடித்துக்கொள்ளும்படி இருந்தன. எதிர்பாராத ஓர் இடத்தில் மட்டும் மெட்டு லேசாகத் திரும்பும், அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ குத்தும். இது எனக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விதான் அது. மார்க்கில் நான் மேலே இருந்தேனே என்று மனசு முனகும். பாடிக்கொண்டே இருந்தேன்.

கடைசிப் பெட்டியில் அவள் நோயில் படுத்திருந்தபோது எழுதியவை. பாலாற்றைப் பற்றி அவளே எழுதிய ஒரு பாட்டு அதில் இருந்தது. ஓரிக்கைப் பக்கம் ஆற்றில் மணல் மட்டும் கிடக்க, ஒரு மழையில் இரண்டு நாள் தண்ணீர் வந்துபோனதைப் பற்றியது. பல்லவி முழுதாக இருந்தது. அனுபல்லவி இருந்தது. சரணத்தில் வார்த்தைகளைக் கட்டங்களுக்குக் கீழே எழுதியிருந்தாள். முதல் இரண்டு வரிக்கு மேல் கோடு ஓடியது. மூன்றாம் வரிக்கு மேல் கட்டங்கள் காலி. வார்த்தை மட்டும் இருந்தது.

நான் பாடிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிறுத்தினேன். அதிகாரி காத்திருந்தார்.

"உங்களால இத முடிக்க முடியாதாம்மா? இவ்ளோ பாட்டு பாடிட்டீங்க. அவங்க எப்படிப் போயிருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு வரி. நான் பாடினால் அது பட்டியலில் ஏறிவிடும், பிற்பாடு யாராவது மேடையில் பாடும்போது அந்த வரி என்னுடையதாக இருக்கும். இதற்காகத்தானே முதல் நாள் இந்தப் படியில் ஏறி வந்தேன்.

"காலியா இருக்குது. காலின்னே எழுதிடுங்க" என்றேன்.

மறுநாள் வேன் வந்து பெட்டிகளை ஏற்ற இருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டு, சமையலறையில் நின்று அந்த மூன்றாம் வரியைப் பாடிப் பார்த்தேன். யாரும் கேட்கப்போவதில்லை, பார்த்துவிடலாம் என்று. ஒரு மாதிரி பாடினேன். அதை மாற்றி இன்னொரு மாதிரி. ஐந்து விதமாகப் பாடினேன். ஐந்திலும் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஐந்தும் நான் பள்ளியில் சொல்லிக்கொடுத்த வரவேற்புப் பாட்டுகளைப் போலவே இருந்தன.

கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவர் குரல் கொடுத்தார். "மூணாவதா பாடுனியே, அது நல்லா இருந்துச்சு."

"அது சும்மா" என்றேன். ஆனாலும் இரண்டு முறை கூடுதலாக அதையே பாடிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

காலையில் வேன் வருவதற்கு முன் பெட்டிகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த மூன்றாவதை நினைத்துப் பார்த்தேன். முதல் பாதி வந்தது. மீதி எங்கே திரும்பியது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவளாக இருந்தால் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் எழுதி வைத்திருப்பாள்.